கிணற்றை மறந்த வேட்பாளர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் உண்டா? குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையுள் தேங்கிய மழைநீரே. 2025 மே 6ஆந் திகதித் தேர்தலுக்காகப் படலை தட்டிய பிரதேச சபை வேட்பாளரிடம் வீதி கேட்டோம், விளக்குக் கேட்டோம். கிணற்றைப் பற்றிக் கேட்டோமா?

மலசலகூடக் குழியின் கழிவு பாறை வெடிப்பினூடே அயலான் கிணற்றில் இறங்குகின்றது. வீடு கட்ட அனுமதி வழங்குவது எவர்? கொழும்பு அன்று, நமது சபையே! குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளவாது ஒப்பமிடுவது எவ்வகை நிருவாகம்? 2015இல் சுன்னாகக் கிணறுகளின் எண்ணெய் கண்டு கொதித்தோம். நிறமும் மணமுமற்ற நைத்திரேற்றுக்கு மட்டும் மௌனமோ? யூரியாவை அளவின்றி அள்ளி வீசும் தோட்டக்காரரும் இப்பழிக்குத் தப்பார்.

தவிசாளர்களே, கிணற்று நீரைச் சோதித்து, முடிவை வட்டாரந்தோறும் சபை வாயிலில் ஒட்டுவீர்களா?