எந்தப் பக்கம், சிஸ்டர்?

சபை ஆபீஸில் வாங்கி வந்த படிவம் இரண்டு வாரமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. வரன் பதிவுப் படிவம். பெயர், வயது, உயரம், படிப்பு, சம்பளம் என்று ஊரில் எல்லாரும் கேட்பதைத்தான் இதிலும் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். இரட்சிக்கப்பட்ட தேதி. ஞானஸ்நானம் எடுத்த தேதி. ஆவியின் அபிஷேகம் பெற்றவரா. நான்காவது, சாதி மற்றும் உட்பிரிவு.

முதல் மூன்றும் நிஜமானால் நான்காவதுக்கு வேலை இல்லை. நான்காவது இல்லாமல் நடக்காது என்றால் முதல் மூன்றும் எதற்கு? அச்சுக்குக் கொடுத்தவருக்கு இது உறுத்தவில்லை. புரூஃப் பார்த்தவருக்கும் உறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரிசையில் நின்று வாங்கிப் போகிற எங்களுக்கும் உறுத்தவில்லை.

மகளிடம் நிரப்பச் சொன்னேன். முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது.

"தேதி ஞாபகம் இல்லம்மா. பத்தாவது லீவுல கேம்ப் போனப்போ கை தூக்கினேன். அதுக்கு முந்தின வருஷமும் தூக்கினேன். எதைப் போடறது?"

கை தூக்குவது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரசங்கம் முடியும் நேரம் கீபோர்டு மெதுவாக வாசிக்க ஆரம்பிக்கும். எல்லாரும் கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்வார்கள். இன்று உன் வாழ்க்கையைக் கொடுக்கிறாயா, கையை உயர்த்து. "அதோ பின்னால் ஒரு கை தெரிகிறது. இன்னொரு கை. தேவனுக்கு ஸ்தோத்திரம்." பிறகு அட்டை வரும், பெயரும் போன் நம்பரும் எழுத. அன்று ராத்திரியே எண்ணிக்கை வாட்ஸ்அப்பில் போய்விடும். அந்தக் கையெல்லாம் திங்கட்கிழமை என்ன செய்தது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. நானும் அந்த அட்டைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். அதனால் தெரியும்.

கை தூக்கியவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குடியை விட்டவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர், சம்பள நாளில் பட்டாபிராம் ஸ்டேஷனிலேயே இறங்கிக் குடித்துவிட்டு ராத்திரி பதினொன்றுக்கு வீடு வந்துகொண்டிருந்த ஆள், இப்போது ஆறரை வண்டியில் வந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அவர் பெண்டாட்டியைக் கேட்டால் தெரியும் மனந்திரும்புதல் என்றால் என்னவென்று. அதை யாராவது கிண்டல் செய்தால் நான்தான் முதலில் சண்டைக்குப் போவேன்.

என் ஆதங்கம் வேறு. நாற்பது வருஷமாகச் சாட்சி நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு குடித்தேன், இப்போது இல்லை. முன்பு சினிமா பைத்தியம், இப்போது டிவியே இல்லை. புகை பிடித்தேன், சீட்டாடினேன், லாட்டரி வாங்கினேன், ஜோசியம் பார்த்தேன், எல்லாவற்றையும் விட்டேன். நகையைக்கூடக் கழற்றிக் கொடுத்தேன். எல்லாம் கேட்டாயிற்று. "முன்பு சாதி பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன்" என்று ஒரே ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்று, அந்தப் பாவத்தை எங்களில் யாரும் செய்ததே இல்லை. இல்லாவிட்டால் விட்டதே இல்லை. எது என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு போன். பையனின் அம்மா. குரலில் அவ்வளவு சாந்தம். ஜாதகம் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

"பொண்ணு இரட்சிக்கப்பட்டிருக்காளா சிஸ்டர்?"

"ஆமாங்க."

"ஞானஸ்நானம்?"

"எடுத்திருக்கா."

"ஸ்தோத்திரம். எங்களுக்கு ஆவிக்குரிய குடும்பமா இருந்தாப் போதும், வேற எதுவும் வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க எந்தப் பக்கம்?"

"திருநெல்வேலிப் பக்கம்ங்க. இங்க நெமிலிச்சேரிக்கு வந்து பதினாறு வருஷமாச்சு."

"அது பேச்சுலயே தெரியுது சிஸ்டர். நான் கேக்குறது அந்தப் பக்கம் இல்ல."

கேட்டது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேறு வழியில் வந்தார்கள். "எங்க சபையில நகை போடறதில்ல சிஸ்டர். அதனால அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். நீங்களா விருப்பப்பட்டு ரிங் ரோடு பக்கம் ஒரு கிரவுண்டு பொண்ணு பேர்ல எழுதினா, அது உங்க இஷ்டம்." வண்டலூரிலிருந்து வருகிற அந்த ரிங் ரோடு 2014-ல் நெமிலிச்சேரி வரைக்கும் திறந்ததிலிருந்து இங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்பது அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. காதில் கம்மல் இருந்தால் பாவம். பத்திரத்தில் மனை இருந்தால் ஆசீர்வாதம்.

சகேயு கதை எல்லாருக்கும் தெரியும். குள்ளமான ஆள், வரி வசூலிப்பவன், அத்திமரத்தில் ஏறினான் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை நடிக்க வைக்கிறோம். மரம் ஏறுவதோடு நாடகம் முடிந்துவிடும். அவன் இறங்கி வந்தபின் சொன்னது முழுக்கக் கணக்கு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நான்கு மடங்கு திருப்பி. அந்தக் காட்சியை மட்டும் நடிக்க ஆள் கிடைப்பதில்லை.

இது பெந்தெகொஸ்தே சபையின் நோய், நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள், எங்களிடம் இல்லை என்று யாராவது சொன்னால் ராதாபுரத்துக்குப் பக்கத்தில் வடக்கன்குளத்துக்குக் கூட்டிப் போகலாம். நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் 1745-ல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழகினார். மூன்று வருஷம் சிறை, சித்திரவதை, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால், பெயருக்குப் பின்னாலிருந்த "பிள்ளை"யை எடுங்கள் என்று மனுப் போட வேண்டியிருந்தது. வாடிகனும் எடுத்தது. உயிரையே கொடுத்தவருக்கும் வாலை வெட்ட இருநூற்றெழுபது வருஷம்.

அந்த மனிதர் மனந்திரும்பிய அதே ஊரில், அவர் செத்து 120 வருஷம் கழித்து, 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். அதைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். இரண்டு நீளமான கூடங்கள், காற்சட்டையின் இரண்டு கால்கள்போல விரிந்து, மேலே பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவில் சுவர். பூசை வைக்கிற சாமியாரை இரண்டு தரப்பும் பார்க்கலாம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. இதற்கு வரைபடம் போட்டு, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, காணிக்கை வசூலித்திருக்கிறார்கள். 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சு சாமியார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்றது. யோசித்துப் பாருங்கள், எங்கள் சுவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கிறிஸ்தவர்கள் கோர்ட்டில் நின்றிருக்கிறார்கள்.

சீர்திருத்தச் சபைகளும் சளைத்தவை அல்ல. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, உடனே விட வேண்டும் என்று ஓலை அனுப்பியதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ரகளை. சாதி வழக்கத்தை விட மாட்டோம் என்று நின்றவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டை இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம், நானும் பாடுகிறேன். அந்தச் சண்டையைப் பற்றி மட்டும் எந்தப் பாட்டுப் புத்தகத்தின் முன்னுரையிலும் நான் வாசித்ததில்லை. இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு, அது கலவரமாகி, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தது 2008 மார்ச்சில். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

இந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் சபையில் சிலர் உடனே வேறு பக்கம் விரலை நீட்டுவார்கள். "சர்டிபிகேட்டில் இந்து, சபையில் விசுவாசி என்று இருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்கள் டீச்சர்." 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று தீர்ப்புச் சொன்னபோது, அதை எங்கள் குழுவில் பத்துப் பேர் பகிர்ந்தார்கள். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1950-ல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணையில் இந்துவுக்கு மட்டும்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் பி.சி. ஆகிவிடுவார்கள். ஞானஸ்நானத் தொட்டியில் முங்கி எழுந்தால் சலுகைக்கு மட்டும் சாதி போய்விடும், கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் போகாது. அந்தப் பிள்ளைகள் காகிதத்தில் ஒன்றை எழுதுவதைக் குறை சொல்ல, படிவத்தில் நான்காவது கட்டம் அடிக்கிற நமக்கு என்ன யோக்கியதை?

விரலைத் தன் பக்கமே திருப்பியதற்காகப் பண்டித ரமாபாயை எனக்குப் பிடிக்கும். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவர். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்தவ உலகம் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் கழித்துத்தான் தனக்கு உறைத்தது, அதுவரை தனக்குக் கிடைத்திருந்தது கிறிஸ்தவ மதம், கிறிஸ்து அல்ல என்று அவரே எழுதி வைத்தார். அடுத்தவரைப் பார்த்துச் சொல்லாமல் தன்னைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் பஞ்சத்தில் அநாதையான பெண்களைப் பல நூறு பேராகக் கேட்கான் என்ற ஊரில் கூட்டி வைத்துச் சோறு போட்டார். அவரை எங்கள் படிவத்தை நிரப்பச் சொன்னால் முதல் கட்டத்தில் எந்தத் தேதியைப் போட்டிருப்பார்?

எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். முப்பது வருஷம் தமிழ் டீச்சராக இருந்ததால் அவர் கதையை எத்தனையோ செட் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டியவர். காஞ்சியில் நிஜக் கற்கோயில் கட்டி முடித்த ராஜாவிடம், உன் குடமுழுக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள், அன்றைக்கு நான் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன் என்றார் சிவன். ராஜா தேடி வந்து பார்த்தால் ஊரில் கோயிலே இல்லை. அந்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு வெட்கம் வரும். அவருக்கு வெளியே ஒன்றும் இல்லை, எல்லாம் உள்ளே. நமக்கு வாசலில் வாக்குத்தத்த அட்டை, வண்டியில் வசன ஸ்டிக்கர், போனில் ஆராதனைப் பாட்டு ரிங்டோன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? 2011-ல் மூத்தவளுக்கு வரன் பார்த்தபோது இதே மாதிரிப் படிவம்தான் வந்தது. நான்காவது கட்டத்தை நானே, என் கையெழுத்தில், உட்பிரிவு வரைக்கும் தெளிவாக நிரப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை. "எந்தப் பக்கம்" என்று அப்போது நானும் நாலு பேரைக் கேட்டிருக்கிறேன், அதுவும் இந்த அம்மாவைவிட நைச்சியமாக.

இந்த முறை மூன்று கட்டத்தை மகள் நிரப்பினாள், இரண்டாவது கேம்ப் தேதியையே போட்டாள். நான்காவதை அப்படியே விட்டோம். ஆபீஸில் இருந்து தம்பி கூப்பிட்டார். "டீச்சரம்மா, போட்டோ எடுத்து அனுப்பினீங்களே, அதுல ஒரு காலம் காலியா இருக்கு. அது இல்லாம கம்ப்யூட்டர்ல ஏறாது." ஏறாவிட்டால் பரவாயில்லை தம்பி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம், பெண்ணுக்கு வயது இருபத்தொன்பது ஆகிறது என்று. அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது, ராத்திரியில் தூக்கம் வருவதில்லை.

படிவம் அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டு அடிக்கும்போது அந்த நான்காவது கட்டத்தை எடுத்துவிடுங்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று தோன்றினால், பையனுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேளுங்கள். பெண் வீட்டுக்கு அதுவாவது உபயோகப்படும்.