ஏறாத மண்டை

“அவனுக்குப் படிப்பு ஏறாது” என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது, வாசிக்கும் திறன் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது, சிலருக்கு வாய்க்காதது என்று நம்மையறியாமல் ஒப்புக்கொள்கிறோம். மூளையியல் இந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. எழுத்து தோன்றி ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதிலும் மிகப் பெரும்பான்மைக் காலம் அது ஒரு சிலரின் கையிலேயே இருந்தது. வாசிப்பதற்கென்று தனி உறுப்பு ஒன்று பரிணமிக்க இந்தக் காலம் போதாது. பேச்சைக் குழந்தை கேட்டே பிடித்துக்கொள்கிறது. எழுத்தை யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

வாசிப்புக்கென்று மூளையில் ஓர் இடம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. 1887இல் பாரிஸில் நன்கு படித்த வணிகர் ஒருவருக்குத் திடீரென்று எழுத்துகள் பிடிபடாமல் போயின. எண்களைப் படித்துக் கணக்குப் போட்டார். சொல்லச் சொல்ல எழுதினார். தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்து பார்த்துத்தான் இன்ன எழுத்து என்று சொன்னார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த நரம்பியல் மருத்துவர் ழூல் தெஜெரின், அதன் இடப்பக்கப் பின்பகுதியில் இருந்த சேதத்தை 1892இல் பதிவுசெய்தார். ஒரு நூற்றாண்டு கழித்து மூளை ஆய்வாளர்கள் ஸ்டானிஸ்லாஸ் தெஹேனும் லோரான் கோஹெனும் அதே பக்கத்தில், எழுதிய சொல்லைக் கண்டதும் இயங்கும் சிறு பகுதியை ஸ்கேனில் அடையாளம் கண்டனர். சீன எழுத்தானாலும் ஆங்கிலமானாலும் வாசிப்பவருக்கு ஏறக்குறைய அதே இடம்தான். ஆனால் அது எழுத்துக்காகவே பிறந்த இடமல்ல. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் பகுதியில், மொழிப் பகுதிகளோடு நல்ல தொடர்புள்ள ஒரு மூலையை எழுத்து எடுத்துக்கொள்கிறது என்கிறார் தெஹேன். எழுதப் பழகும் குழந்தைகள் சில எழுத்துகளை இடவலமாகத் திருப்பிப் போடுவது இதற்குச் சான்று. இடம் பார்த்து நின்றாலும் வலம் பார்த்து நின்றாலும் மாடு மாடுதான் என்று பழகிய கண், எழுத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது.

வயது போனபின் இதெல்லாம் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பெரியவர்களிடம் தெஹேன் குழு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள்; 22 பேர் வளர்ந்தபின் எழுத்துக் கற்றவர்கள்; மற்றவர்கள் சிறுவயதில் பள்ளி சென்றவர்கள். வாசிப்பு கூடக்கூட அந்தப் பகுதியின் இயக்கமும் கூடியிருந்தது. வளர்ந்தபின் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் தெரிந்தது. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு பிறவிக் காரணத்தால் வருவதில்லையா என்பது இதைவிட வலுவான மறுப்பு. பிறவிக் காரணம் உண்டு, குடும்பவழியாகவும் வருகிறது. ஆனால் அது அறிவுக் குறைவல்ல. எழுத்தையும் ஒலியையும் முறையாகப் பொருத்திக் காட்டி, கூடுதல் நேரம் கொடுத்துக் கற்பித்தால் அந்தப் பிள்ளைகளும் முன்னேறுகிறார்கள். மூளைக்கு மூளை வேறுபாடு உண்டு என்பது, கற்பிப்பவரின் உழைப்பு கூட வேண்டும் என்பதற்கான காரணமே தவிர, கைவிடுவதற்கான காரணமல்ல.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே கூலி வேலை செய்த பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்களை அதுவரை எழுத்திலிருந்து தள்ளி வைத்திருந்தது மண்டையல்ல, சமூகம். “ஏறாது” என்ற சொல்லை ஆசிரியர்கள் கைவிடட்டும். முதியோர் வகுப்புகளை அரசு ஒரு பருவப் பிரசாரமாக இல்லாமல் நிலையான ஏற்பாடாக நடத்தட்டும்.