ஒற்றை மரத்தை நம்பிய காடுகள்

2005 ஜனவரி 8ஆம் திகதி தென் சுவீடனைத் தாக்கிய 'குட்ரூன்' புயல் ஏறத்தாழ 75 மில்லியன் கனமீற்றர் மரங்களைச் சாய்த்தது. இது அந்நாட்டில் ஓராண்டில் வெட்டப்படும் மரத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட ஈடானதாகும். வீழ்ந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஸ்புரூஸ் என்னும் ஒரே ஊசியிலை இனத்தைச் சேர்ந்தவை.

இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறி ஒதுங்கிவிட முடியாது. ஸ்புரூஸின் வேர்கள் ஆழமாகச் செல்பவையல்ல. குளிர்காலத்திலும் இலையுதிர்க்காத அம்மரம் புயற்காற்றின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியுள்ளது. பேர்ச் போன்ற அகன்ற இலை மரங்களோ அக்காலத்தில் இலையின்றி நிற்பதால் காற்றுக்கு வழிவிடுகின்றன. இரண்டும் கலந்த காட்டில் சேதம் முற்றாக நீங்கிவிடாது. ஆயினும் அனைத்தும் ஒருசேர அழியும் ஆபத்துக் குறையும்.

புயலின் பின்னர் அகன்ற இலை மரங்களை நடுவோருக்கு அரசு கூடுதல் மானியம் வழங்க முன்வந்தது. அவ்வாறிருந்தும் வெறுமையான நிலத்தின் பெரும்பகுதியில் மீண்டும் ஸ்புரூஸே நடப்பட்டது. 2018ஆம் ஆண்டின் கடும் வரட்சியில் நலிவுற்ற ஸ்புரூஸ் மரங்களைப் பட்டைவண்டுகள் தாக்கத் தொடங்கின. அடுத்து வந்த சில ஆண்டுகளில் 30 மில்லியன் கனமீற்றருக்கும் அதிகமான மரங்கள் பட்டுப்போயின.

இதற்காகக் காட்டு உரிமையாளரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. சுவீடனின் காடுகளில் ஏறத்தாழ அரைவாசி தனிப்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தமானவை. எதை நடுவதென்ற முடிவைச் சட்டம் பெரிதும் அவர்களிடமே விட்டுள்ளது. மர ஆலைகள் விரும்பி வாங்குவது ஸ்புரூஸை. மூஸ் எனப்படும் பெருமான்கள் பைன், அகன்ற இலை மரக் கன்றுகளை மேய்ந்துவிட்டு ஸ்புரூஸைப் பெரும்பாலும் தீண்டாது விடுகின்றன. இந்நிலையில் குடும்பங்கள் வேறெதைத் தெரிவு செய்யும்?

எனவே அறிவுரையும் மானியமும் மாத்திரம் போதா என்பதே எமது கருத்தாகும். வெட்டிய நிலத்தில் பேர்ச் தானாகவே முளைக்கின்றது. இளங்காட்டைத் துப்புரவு செய்கையில் அதனைக் களையென வெட்டியெறியாது ஒரு பகுதியை விட்டுவைத்தாலே கலப்புக் காடு உருவாகும். வரண்ட மேட்டு நிலங்களில் பைனை நடலாம். ஆனால், மூஸ்களின் தொகை கட்டுப்படுத்தப்பட்டு, பேர்ச் மரத்துக்கு நியாயமான விலையும் உறுதிப்படுத்தப்பட்டாலன்றி இவை நிலைக்கமாட்டா.

இன்று நடப்படும் கன்று அறுபது, எழுபது ஆண்டுகள் கழிந்தே வெட்டப்படும். இன்றைய சந்தை விலையை மட்டும் பார்த்து எடுக்கப்படும் முடிவின் விலையைச் செலுத்தப்போகின்றவர்கள் பேரப்பிள்ளைகளே என்பதைச் சம்பந்தப்பட்டோர் மறந்துவிடலாகாது.