நம்ம விலாசம் யார் கையில?

மலையகத்துல பிறந்தவங்களுக்கு விலாசம் என்றாலே ஒரு கதை இருக்கும். பல லயங்களுக்குத் தனி இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பேரும் டிவிசன் பேரும்தான் விலாசம். கடிதம் முதலில் தோட்ட ஒபிசுக்குப் போகும்; அங்கிருந்து யாராவது கொண்டு வந்து தந்தால் உண்டு. எங்களில் ஒருத்தருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் கைக்கு வந்ததே, தேர்வு முடிந்து நாலு நாளைக்குப் பிறகுதான்.

அதனால்தான், தோட்டத்துப் பிள்ளைகளின் புலமைப்பரிசில் விண்ணப்பங்களுக்கு உதவுகிற எங்கள் சின்னக் குழுவுக்கு மின்னஞ்சல் தேவைப்பட்டபோது, "ஜிமெயில்ல ஒன்னு திறந்தா போதாதா?" என்ற கேள்விக்கு உடனே தலையாட்ட முடியவில்லை. ஜிமெயில் நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா கணக்கு முடங்கினாலோ, பாஸ்வேர்ட் வைத்திருந்த அண்ணன் வெளிநாடு போய்விட்டாலோ, விலாசமும் கூடவே போயிடும்.

எனவே முதலில் வாங்க வேண்டியது சேர்வர் இல்லை, சொந்த டொமைன். அது குழுவின் பேரில் இருந்தால், பின்னால் இருக்கும் சேர்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், விலாசம் மாறாது.

அடுத்தது மென்பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை அனுப்பும், வாங்கும். டவ்கொட் அதைப் பெட்டியில் வைத்து, நம்ம போனுக்குக் காட்டும். இரண்டையும் தனித்தனியாக அமைத்தால் நிறையக் கற்கலாம், நிறையப் பிழையும் விடலாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிகளும் உண்டு. மெயில்கவ் அழகானது, ஆனா 6 ஜிபி நினைவகம் கேட்கும். மெயில்-இன்-எ-பொக்ஸுக்கு 1 ஜிபி போதும். அதில் அதிகம் மாற்றியமைக்க முடியாது. எங்களைப் போன்ற கலைப்பீடத்து ஆட்களுக்கு அதுவே நல்லது. வசதி கூடியதைவிட, உடைந்தால் குழுவில் இரண்டு பேராவது திருத்தக்கூடியதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹட்டனில் வீட்டு மூலையில் ஒரு பழைய கணினியை ஓடவிட்டால் என்ன? கரண்ட் போகுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சின்னப் பிரச்சினை. நம்ம சேர்வர் படுத்துவிட்டால், அனுப்பியவரின் சேர்வர் அஞ்சலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை விடாது. பெரிய சிக்கல் அனுப்புவதில்தான். வீட்டு இணைப்பின் ஐபி முகவரி அடிக்கடி மாறும். அப்படியான முகவரியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் நம்பாது. எனவே சேர்வரை வாடகைக்கு எடுப்பதே மேல். எடுக்கும் முன், 25ஆம் போர்ட் திறந்திருக்குமா, ஐபிக்கு நம்ம டொமைன் பேரை வைக்க விடுவார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

பிறகு மூன்று பதிவுகள். நம்ம பேரில் எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்று எஸ்பிஎஃப் சொல்லும். டிகிம் ஒவ்வொரு அஞ்சலிலும் கையெழுத்துப் போடும். இரண்டும் பிழைத்தால் என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பெப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது கூகுள் கட்டாயமாகக் கேட்கிறது. சும்மா கேட்கவில்லை, யாரும் யார் பேரிலும் அஞ்சல் அனுப்ப முடிந்த காலத்தின் விளைவு அது.

எல்லாம் சரியாகச் செய்தும் புது சேர்வரின் அஞ்சல் ஸ்பேமுக்குள் விழலாம். அங்கே கிடக்கும் அஞ்சலுக்கும் ஒபிஸ் மேசையில் கிடக்கும் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை அதில் வைத்து விளையாடக் கூடாது. அதனால் எங்கள் முடிவு இது: முதல் சில மாதம் குழுவின் உள்பேச்சுக்கு மட்டும் நம்ம சேர்வர், விண்ணப்பங்கள் பழைய வழியிலேயே போகட்டும்.

இன்னொன்று. பாஸ்வேர்டும், டொமைன் புதுப்பிக்கும் திகதியும், பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் தமிழில் எழுதி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால், நாங்களே இன்னொரு தோட்ட ஒபிஸ் கட்டியதாகிவிடும்.