ஆளறிந்து மருந்தளித்தலும் நம் கடனும்

நோய் ஒன்றாயினும் நோயாளர் ஒரே தன்மையரல்லர். மார்பகப் புற்றுநோயாளருள், கட்டியில் ஹெர்-2 புரதம் மிகுந்தோர்க்கே, 1998 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற திராஸ்துசுமாப் என்னும் மருந்து பயன்படும். ஆளறிந்து மருந்தளிக்கும் இம்முறை வறிய நாட்டுக்கு ஆடம்பரமன்றோ எனச் சிலர் வினவுவர். அஃது உண்மையன்று. தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் நெடுவழி சென்று சிகிச்சை பெறும் வன்னி விவசாயி, பயன்படா மருந்தினால் இழப்பது பணம் மட்டுமன்று, மீளாக் காலமுமாகும்.

உலகின் பரம்பரையலகு ஆய்வேடுகளில் ஐரோப்பிய வழியினரே மிகுந்துள்ளனர். இக்குறை நோக்கிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், 2025 இல், 480 மார்பகப் புற்றுநோயாளரின் பரம்பரையலகுத் தரவுகளை ஆய்வாளர்க்குத் திறந்துவைத்தனர். இவ்வாறு பகிரப்பட்ட தரவை ஆராயக் கணினியறிவும் புள்ளிவிபரவியலும் வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் நம் இளைஞர் இவற்றைக் கற்கின்றனர். அவர்கள் மருத்துவரோடு கூடி, நோயாளரின் இசைவு பெற்று, நம் மண்ணின் நோய்களையும் ஆராய்தல் வேண்டும். கண்டதை மறையாது பிறரோடு பகிர்ந்து, தமிழிலும் எழுதுதல் வேண்டும்.

பழைய மாணவராகிய நாம் விழாக்களுக்கு நல்கும் பணத்தில் ஒரு பகுதியை, அத்தகைய இளம் ஆய்வாளர் ஒருவரின் முதலாய்வுக்கு ஒதுக்குவோமாக. கற்பித்த கல்லூரிக்கு அதுவே தக்க கைம்மாறு.