பின்நவீனத்துவம் பட்டமல்ல மக்களே, வியாதியின் பெயர்!

போன வாரம் கைலாசபுரத்தில் ஒரு டீக்கடை வாசலில் எனக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கும் கிட்டத்தட்ட கைகலப்பு. சொத்துத் தகராறெல்லாம் இல்லை. 'லியோ' (2023) படத்தை மூன்றாவது தடவை பார்த்துவிட்டு வந்தவன், "மச்சி, படம் பக்கா போஸ்ட்மாடர்ன்டா" என்றான். எப்படிடா என்றேன். "பழைய பாட்டு வருது. 'கைதி' படத்து நெப்போலியன் வர்றாரு. கடைசியில கமல் குரல் வருது. அந்த ஃபிளாஷ்பேக்கே பொய்யா இருக்கலாம்னு டைரக்டரே பேட்டியில சொல்றாரு. வேற என்ன வேணும்?" என்றான்.

டீ ஆறியது. சண்டை ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் இல்லை. அந்தச் சொல்லை இப்படி மெடல் மாதிரி குத்திவிடுகிறார்களே, அதன் மேல்தான் கோபம்.

ஃபிரெடரிக் ஜேம்சன் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர், மார்க்சியர், 2024-ல் காலமானார். பின்நவீனத்துவம் பற்றி 1984-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, 1991-ல் அதைப் புத்தகமாக விரித்தார். பகடிக்கும் வெறும் போலச்செய்தலுக்கும் அவர் ஒரு கோடு போட்டார். பகடிக்கு ஒரு இலக்கு உண்டு. எதையோ குத்துவதற்காகத்தான் அது இன்னொன்றைப் போல நடிக்கிறது. போலச்செய்தலுக்கு இலக்கே கிடையாது. பழையதை எடுத்து மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சரக்கு தீர்ந்துபோன ஒரு வணிகக் கலாச்சாரம் பழைய பெட்டியைக் கிளறுவதற்கான அறிகுறியாகவே அவர் இதைச் சொன்னார்.

அதாவது அது டாக்டர் எழுதிக் கொடுத்த வியாதியின் பெயர். நம் ஆட்கள் அதை விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் டிகிரியாக அச்சடித்துக்கொள்கிறார்கள்!

இன்னொருவர் லியோதார். 1979-ல் அவர் எழுதியது இன்னும் பிரபலம். பெருங்கதையாடல்கள் மீது நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சரி, தமிழ் சினிமாவின் பெருங்கதையாடல் எது? சந்தேகமே வேண்டாம், ஹீரோதான். அவர் வருவார், அடிப்பார், காப்பாற்றுவார். நம் 'போஸ்ட்மாடர்ன்' படங்கள் அந்த நம்பிக்கையில் எங்கே கீறல் போட்டன, சொல்லுங்கள் பார்ப்போம்.

'பேட்ட' (2019) படத்தில் பழைய ரஜினி படங்களின் சாயல்கள் வரிசையாக வருகின்றன. எதற்கு? ரஜினி இன்னும் ரஜினிதான் என்று சொல்வதற்கு. 'விக்ரம்' (2022) படம் 1986-ல் வந்த 'விக்ரம்' படத்தோடு முடிச்சுப் போடுகிறது. எதற்கு? அந்த ஏஜெண்ட் இன்னும் ஓயவில்லை என்று சொல்வதற்கு. 'குட் பேட் அக்லி' (2025) படத்தில் அஜித்தின் பழைய படங்களை உருவிவிட்டால் மிச்சம் எவ்வளவு தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குறிப்புகள் அத்தனையும் ஒரே சந்நிதிக்கு வந்து சேருகின்றன. நம்பிக்கை இழந்தவன் இப்படி அர்ச்சனை பண்ண மாட்டான் சாமி.

'லியோ' ஃபிளாஷ்பேக் விவகாரத்துக்கு வருகிறேன். ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வது, சொல்கிறவர் பொய் சொல்லலாம் என்பது, இதெல்லாம் நமக்குப் புதுசா? 1954-லேயே வீணை எஸ்.பாலச்சந்தர் 'அந்த நாள்' எடுத்துவிட்டார். ஏவி.எம். தயாரிப்பு, ஒரு பாட்டு கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். சுற்றியிருப்பவர்கள் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கடைசியில் அந்த ஹீரோ ஜப்பான்காரனுக்கு ரகசியம் விற்ற தேசத்துரோகி என்று தெரிகிறது. 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆன சிவாஜியை இப்படிக் காட்டினார்கள்! எந்தத் தியரியும் கையில் இல்லாமல், பல குரல்களைக் கொண்டு ஹீரோவையே உடைத்த படம் அது. 'லியோ'விலோ பல குரல் எதற்குப் பயன்படுகிறது? ஃபிளாஷ்பேக் சரியில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்ததும், "அது பொய்யாகவும் இருக்கலாம்" என்று சமாளிப்பதற்கு.

சினிமா தன்னைத்தானே காட்டிக்கொள்வதும் புதுசு இல்லை. 'சர்வர் சுந்தரம்' (1964) பார்த்தவர்களுக்குத் தெரியும், எம்.எஸ்.வி.யும் டி.எம்.எஸ்.ஸும் ரெக்கார்டிங் நடத்துவதையே பாட்டுக் காட்சியாக வைத்திருப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வேஷக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டே அந்த ராஜாவைக் கிண்டல் பண்ணுவான், ஜனங்களோடு நேரடியாகப் பேசுவான். அதற்கு 'நான்காவது சுவரை உடைத்தல்' என்று பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தும் என்ன ஆகப்போகிறது?

தமிழில் இந்தத் தியரி வந்த வழியையும் மறந்துவிடக் கூடாது. ரசிகர் மன்றம் வழியாக வரவில்லை, சிறுபத்திரிகை வழியாக வந்தது. தொண்ணூறுகளில் அ.மார்க்ஸ், ரவிக்குமார், பொ.வேல்சாமி ஆகியோர் 'நிறப்பிரிகை'யில் இதைப் பேசியபோது அதற்கு ஒரு வேலை இருந்தது. ஒற்றை வரலாறு, ஒற்றை அடையாளம் என்று கட்டிவைத்திருந்ததைக் கேள்வி கேட்பது, தலித் அரசியலுக்கும் விளிம்பில் இருந்தவர்களின் குரலுக்கும் இடம் பண்ணுவது. அவர்களோடு ஆயிரம் சண்டை போடலாம், ஆனால் வேலை இருந்தது. சினிமா கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

டி.வி. மட்டும் என்ன வாழ்கிறது? விஜய் டி.வி.யில் ஒருகாலத்தில் 'லொள்ளு சபா' வந்தது. சந்தானம் கிளம்பிய இடம். எல்லோரும் கொண்டாடிய படங்களை எடுத்து, அட்டை செட்டில், ஹீரோவின் நடை உடை பாவனையெல்லாம் எவ்வளவு செயற்கை என்று போட்டு உடைத்தார்கள். பகடிக்கு இலக்கு இருந்தது. அதே சேனலில் 2017 முதல் 'பிக் பாஸ்'. எது நிஜம், எது நடிப்பு என்றே தெரியாத வீடு. கேட்டால் இதுவும் போஸ்ட்மாடர்னாம். ஆனால் வார இறுதியில் ஒரு சினிமா நட்சத்திரம் கோட் சூட்டோடு வந்து யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்கிறார். முதலில் கமல், 2024 முதல் விஜய் சேதுபதி. நிஜம் எது என்று தெரியாத அந்த வீட்டிலும் ஹீரோ சொன்னால் அது நிஜம்!

"சினிமாதானே, இதுக்கு ஏன்டா இவ்வளவு டென்ஷன்?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். வேறு ஊராக இருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் இது தமிழ்நாடு. 'நாடோடி மன்னன்' (1958) தொடக்கத்தில் எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் சின்னத்திலேயே தி.மு.க. கொடி பறந்தது. 1977-ல் அந்த மன்னன் முதலமைச்சர். எம்.ஜி.ஆரோடு ஜோடியாக நடித்த ஜெயலலிதாவை 2011-ல் ஜெயிக்கவைத்து முதலமைச்சர் நாற்காலிக்கு அனுப்பியது இதோ பக்கத்திலிருக்கும் நம்ம ஸ்ரீரங்கம் தொகுதி. 'லியோ' வந்து நாலு மாதத்தில், 2024 பிப்ரவரியில், விஜய் கட்சி ஆரம்பித்தார். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவரவர் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பழைய படத்தைப் புதுப் படத்தில் ஞாபகப்படுத்துவது இங்கே வெறும் கலை விளையாட்டு இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது பிம்பம் கட்டும் தொழில்நுட்பம். அதற்குப் போய் 'பிம்பத்தை உடைக்கும் கலை' என்று பெயர் வைத்தால் எரிச்சல் வராதா?

அப்படியானால் உருப்படியாக ஒன்றுமே வரவில்லையா? வந்தது. 'தமிழ்ப் படம்' (2010) நினைவிருக்கிறதா? வளர்ந்தால் சினிமா ஹீரோ ஆகிவிடுவார்கள் என்ற பயத்தில் ஆண் குழந்தைகளைக் கொல்லும் சினிமாபட்டி! 'ஜிகர்தண்டா' (2014) படத்தில் ஊரே நடுங்கிய ஒரு ரவுடி, தன்னைப் பற்றிய படத்தைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பதைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிறான். கத்தியால் ஆகாததைச் சிரிப்பு செய்துவிடுகிறது. பெரிய பிம்பத்தைச் சின்னதாக்கும் இந்த வேலையைத்தான் நான் கேட்கிறேன்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது "செம போஸ்ட்மாடர்ன் படம்" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இத்தனை குறிப்புகளும் முடிந்த பிறகு ஹீரோ கொஞ்சமாவது சின்னதானாரா, இல்லை இன்னும் பெரிதானாரா? பெரிதானார் என்றால் அது பழைய மசாலாதான். பாக்கெட் மட்டும் புதுசு.

டிஸ்கி: 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' வந்தபோது தியேட்டரில் விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்து சீட்டில் இருந்த அதே நண்பன் இதை ஊருக்கே சொல்லுவான் என்பதால் முந்திக்கொள்கிறேன். விசில் அடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு லியோதாரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.