திறக்காத சிப்பியின் விலை



தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதுவரை நம் கரையில் சிப்பிகள் ஆயிரக்கணக்கில் குவிக்கப்பட்டு, திறக்கப்படாமலேயே ஏலம் விடப்பட்டன. உள்ளே முத்து உண்டா என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். முந்தைய நாள் வாங்கியவருக்கு நல்ல முத்துக் கிடைத்தது என்ற பேச்சுப் பரவினால் விலை ஏறும். வெறும் சிப்பி என்ற பேச்சு எழுந்தால் இறங்கும்.

கையிலுள்ள முத்துக்கும் இதே நிலைதான். 1917இல் நியூயார்க்கில் கார்த்தியே நிறுவனம், இரட்டைச் சர இயற்கை முத்துமாலை ஒன்றையும் 100 டாலரையும் கொடுத்து ஒரு மாளிகையையே பெற்றது. மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர். பின்னர் ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தையை நிறைத்தன. 1957இல் அதே மாலை சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்கே ஏலம் போயிற்று. முத்து அரிதானது என்ற உலகத்தின் நம்பிக்கை தளர்ந்ததும் விலையும் சரிந்தது.

இன்று பங்கும் மனையும் இவ்வாறே ஏறி இறங்குகின்றன. வியாபாரத்தில் இலாபத்தை எதிர்பார்ப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. ஆயினும், நிச்சயமற்றதை விற்கும் ‘கரர்’ வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதற்கு ஃபிக்ஹ் நூல்கள் காட்டும் உதாரணங்களுள் ஒன்று நம் கரைக்கு மிக நெருக்கமானது: முத்துக்குளிப்பவர் அடுத்த முறை மூழ்கி எடுக்கப்போவதை முன்னரே விற்பது. வாங்கும் எண்ணமின்றி விலையை உயர்த்திக் கேட்கும் ‘நஜ்ஷ்’ என்பதும் தடுக்கப்பட்டதே. “இந்த மனை ஓராண்டில் இரட்டிப்பாகும்” என்று ஆராயாமல் வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர், தாம் அறியாமலேயே அந்தத் தீமைக்குத் துணைபோகிறார்.

இவற்றைவிட அபாயகரமானது, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் கதை. பெங்களூருவின் ஐ.எம்.ஏ நிறுவனம் ஹலால் முதலீடு என்று கூறிப் பல்லாயிரம் பேரிடம் பணம் திரட்டியது; அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2019 ஜூனில் அது வீழ்ந்தது. பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வட்டிக்கு அஞ்சியே அங்குச் சென்றவர்கள் பலர். அவர்களுடைய இறையச்சமே அங்கு விலைபேசப்பட்டது.

நம்பிக்கையின்றி வியாபாரம் ஏது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கேள்விக்கு இடம் தராத நம்பிக்கை வியாபாரத்திற்கு உரியதன்று. எந்தத் தொழிலிலிருந்து இலாபம் வருகிறது? நஷ்டம் வந்தால் யார் ஏற்பது? கணக்கைப் பார்வையிடலாமா? பொதுமக்களிடம் பணம் திரட்டச் சட்டப்படி அனுமதி உண்டா? முதலுக்கு உத்தரவாதமும் மாதந்தோறும் மாறாத தொகையும் தருவதாக ஒருவர் கூறினால், அதற்கு எந்த அரபுப் பெயரைச் சூட்டினாலும் அது முளாரபா ஆகாது.

இதில் ஆலிம்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் கூடுதல் பொறுப்பு உண்டு. நாம் ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்து கூறும் ஒரு சொல், ஓர் ஏழைத் தாயின் பல்லாண்டுச் சேமிப்பை அங்குக் கொண்டு சேர்த்துவிடும். கணக்கை ஆராயாத நிலையில் மௌனம் காப்பதே அமானிதம்.

வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குத் தரும் கட்டளை. குடும்பத்தின் பொருளை ஒருவரிடம் ஒப்படைக்கும் வேளையிலும் அது நம்மீது கடமையே.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.